ஒரு சிறு குன்றும் அதன் பனிச்சறுக்குச் சங்கமும்

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றும் வழங்கினர். அப்பனியாவது புல் நுனியில் முத்தெனத் தங்கி, ஞாயிறு எழுந்தவுடன் மறைந்து போவது. விடியற்காலையில் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பதோடு அதற்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். ஆயின் அதே நான்கு மாதங்களில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மாண்ட் மாகாணத்தில் பனி என்பது வேறொரு பொருள். ஆங்கு அது வானினின்று பஞ்சு போல் இறங்கி, முழங்காலளவு குவிந்து, வாரக்கணக்காய்க் கிடக்கும். அதன்மேல் அந்நாட்டுச் சிறுவர் சறுக்கிப் பந்தயமிடும் காலமும் நம் இரு பனிக்காலங்களும் ஏறக்குறைய நாள் பிசகாமல் ஒத்து வருவது வியப்பே. அப்பந்தயங்களை நடத்தும் ஊர்ச் சங்கம் ஒன்றைப்பற்றி எழுதப் புகுந்தோம்.

பனிச்சறுக்கைப் படங்களிற் காணாத மாணவர் இரார். ஒடுங்கிய இரு நெடும் பலகைகளைக் கனத்த பாதரட்சைகளோடு பூட்டிக்கொண்டு ஒருவன் மலைச்சரிவில் அம்பெனப் பாய்ந்து வருவான். படத்தில் அவன் ஒருவனே தெரிவான். அவன் வளைந்து கடக்கும் கழிகளை நட்டவர் யார், அவன் காலத்தைக் கணக்கிட்டவர் யார், அவன் தவறினானா இல்லையா என்று குளிரில் நின்று பார்த்தவர் யார் என்பன படத்தில் வருவதில்லை. நாம் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அவர்களைப்பற்றியே.

வெர்மாண்டில், வினூஸ்கி என்னும் ஆற்றங்கரையில், ரிச்மண்ட் என்று ஒரு சிற்றூர் உண்டு. ஆங்கு மிக்கி காக்ரன் என்னும் இயந்திரப் பொறியாளர் தம் மனைவி ஜின்னியோடும் நான்கு மக்களோடும் வாழ்ந்துவந்தார். 1961-ம் வருஷத்தில் அவர் தம் வீட்டுப் பின்புறத்துச் சரிவில் ஒரு கயிற்றிழுவையை அமைத்தார். அஃதாவது, இயந்திரத்தாற் சுழலும் நெடுங்கயிறு ஒன்றைக் கையாற் பற்றிக்கொண்டால், அது பிள்ளைகளைக் குன்றின்மேல் இழுத்துச் செல்லும். பின் அவர்கள் சறுக்கி இறங்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் பழகலாம் என்று விளக்குகளும் போடப்பட்டன. தம் மக்களுக்கென்று செய்த இக்காரியம் அவ்வளவில் நிற்கவில்லை. அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். ஜின்னி அம்மையார் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். குளிரில் நடுங்கிய பிள்ளைகள் வந்து ஒதுங்குமிடம் அவ்வீட்டுச் சமையலறையே. மிகச் சிறியவர்களுக்கென்று அங்கே ஏற்பட்ட பந்தயத்தில், முதலில் வந்தாலென்ன கடைசியில் வந்தாலென்ன, எல்லைக்கோட்டைக் கடந்த ஒவ்வொருவருக்கும் குச்சியில் செருகிய மிட்டாய் ஒன்று பரிசு. அதனால் அதற்கு மிட்டாய்ப் பந்தயம் என்றே பெயர்.

இக்கொல்லைப்புறக் குன்றில் பழகிய காக்ரன் மக்கள் மரிலின், பார்பரா ஆன், பாப், லிண்டி ஆகிய நால்வரும் தேசியக் குழுவில் இடம் பெற்றனர். நால்வரும் ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடினர். 1972-ம் வருஷம் ஜப்பான் நாட்டுச் சப்போரோ நகரில் நடந்த பந்தயத்தில் பார்பரா ஆன் பொற்பதக்கம் பெற்றார். இரண்டு ஓட்டங்களும் சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட காலம் 91.24 வினாடி, இரண்டாவதாக வந்த பிரெஞ்சு நங்கை எடுத்தது 91.26 வினாடி. மலைச்சரிவுப் பந்தயங்களில் அமெரிக்கருக்கு இருபதாண்டுகளுக்குப்பின் கிடைத்த முதற் பொற்பதக்கம் இது. சரியாக ஐம்பதாண்டு கழித்து, 2022-ல், அவருடைய மகன் ரையன் காக்ரன் சீகல் பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். அவர் பொன்னை இழந்தது நூறில் நான்கு பங்கு வினாடியில். தாய்க்கு வாய்த்ததும் மகனுக்கு நழுவியதும் கண்ணிமைக்கும் பொழுதினும் குறைந்த இடைவெளியே.

நிற்க. பதக்கங்களைச் சொல்லி மகிழ்வது எளிது. அக்குன்றில் பழகும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தப் பதக்கமும் பெறப்போவதில்லை. அவர்களுக்காகவும் குன்று நடக்கிறதே, அதுவே நமக்கு வியப்பைத் தருகிறது.

இப்பந்தயத்தின் முறையை முதலிற் சொல்லவேண்டும். இளைஞர் சங்கங்களில் மிகுதியும் நடப்பது ஸ்லாலம் என்னும் வகை. சரிவு, தடம் எனப் பொருள்படும் நார்வே மொழிச் சொற்கள் இரண்டு கூடி ஆன பெயர் அது. சரிவு நெடுகச் சிவப்பும் நீலமும் மாறி மாறிக் கழிகள் நடப்பெற்றிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வாயில். ஓடுவோர் ஒவ்வொரு வாயிலையும் உரிய புறமாக, இரு பலகைகளின் நுனியும் இரு பாதங்களும் கடக்கும்படி வளைந்து இறங்கவேண்டும். முற்காலத்துக் கழிகள் மூங்கில், மோதினால் அடிபடும். இக்காலத்தன அடியிற் கீலுடைய நெகிழிக் கழிகள்; தேர்ந்தவர்கள் அவற்றைக் கணைக்காலாலும் முன்கையாலும் தட்டிச் சாய்த்துக்கொண்டே செல்வார்கள். கழிகளின் இடைவெளி மிகுந்து, வளைவுகள் அகன்றால் அது மாபெரும் ஸ்லாலம். எட்டு வயதுக்குட்பட்டோர், பத்துக்குட்பட்டோர் என்று இரண்டிரண்டு வயதாய்ப் பிரித்துப் பிள்ளைகளை ஓடவிடுவர். ஒரு நாளில் ஒரு பிள்ளைக்கு இரண்டு ஓட்டம். இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாது.

அவ்விரண்டு நிமிஷத்துக்காக முப்பது நாற்பது பேர் ஒரு பகல் முழுதும் நிற்கிறார்கள். பொழுது புலருமுன் ஒருவர் பனியில் துளையிட்டுக் கழிகளை நடுவார். பனி இளகியிருந்தால் உப்பைத் தூவுவார்கள். உப்பு பனியை உருக்குமே என்பீர்கள், உருக்கத்தான் செய்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அண்டையிலுள்ள பனியினின்று அது இழுத்துக்கொள்வதால், அடியிலுள்ள ஈரம் உறைந்து கல்லென இறுகுகிறது. ஐஸ்கிரீம் செய்வோர் பாத்திரத்தைச் சுற்றிலும் பனிக்கட்டியோடு உப்பைக் கலப்பதும் இக்காரணம்பற்றியே. பின்னர்ப் பத்துப் பேருக்கொரு தடவை, தடத்திற் பள்ளம் விழாதபடி, பெரிய பிள்ளைகள் வரிசையாய்ப் பக்கவாட்டில் இறங்கி அதைச் சீவிச் சமன் செய்வர். மேலே, புறப்படும் பிள்ளையின் கணைக்கால் ஒரு கோலைத் தள்ளியவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும்; கீழே, ஓர் ஒளிக்கற்றையை அவன் உடல் மறித்தவுடன் நிற்கும். மின் கருவி பழுதுபட்டாலும் காலம் தவறலாகாது என்று, கைக்கடிகாரங்களோடும் சிலர் தனியே குறித்துக்கொண்டிருப்பார்கள். குளிரில் விரல் விறைக்க நிற்கும் இவர்களில் ஒருவருக்கும் கூலி இல்லை. யாவரும் பிள்ளைகளின் தாய் தந்தையர், பாட்டன் பாட்டியர், பழைய மாணவர். அவர்களிற் சிலர் இதற்கென்றே பாடங்கேட்டுத் தேர்வெழுதிச் சான்று பெற்றவர்கள்.

இவர்களில் நம் மனத்தை மிகவும் கவர்ந்தவர் வாயிற்காவலர். சரிவின் ஓரத்தில், நாலைந்து வாயில்களைத் தம் பொறுப்பிற் கொண்டு, கையில் ஒரு சீட்டும் பென்சிலுமாக அவர் நிற்பார். ஒரு பிள்ளை கழியின் இருபுறமும் ஒவ்வொரு காலாகச் சென்றுவிட்டால், அதன் எண்ணைக் குறித்து, தடம் சென்ற விதத்தைப் படமாகவும் வரைந்து வைக்கவேண்டும். பந்தயம் முடிந்தபின் நீக்கப்பட்டோரின் பட்டியல் ஒட்டப்படும். அதிலிருந்து பதினைந்து நிமிஷத்துக்குள் வழக்குச் சொல்லலாம். அப்பொழுது அச்சீட்டே சாட்சி. இதில் உள்ள இக்கட்டைப் பாருங்கள். காவலர் ஒரு சங்கத்துப் பிள்ளையின் தந்தை. தம் சங்கத்துப் பிள்ளை, சிலவேளை தம் பிள்ளையின் உயிர்த்தோழன், அவர் கண்முன் தவறி, அதை அறியாமலே மகிழ்ச்சியோடு கீழே இறங்குகிறான். வேறொருவரும் பார்க்கவில்லை. அவர் எழுதியாகவேண்டும். எழுதுகிறார்கள் என்பதனாலேயே இப்பந்தயங்கள் நடந்துவருகின்றன. இல்லையேல் நூறில் இரண்டு பங்கு வினாடியை அளப்பதில் என்ன பொருள்?

இன்னொரு விதியும் உண்டு. வாயிலைத் தவறவிட்டவன் நின்று, பக்கவாட்டில் மேலேறி, அவ்வாயிலைச் சரியாகக் கடந்து ஓட்டத்தை முடிக்கலாம். ஐயமுற்று அவன் திரும்பிப் பார்த்தால், ‘செல்’ அல்லது ‘திரும்பு’ என்ற ஒரு சொல்லைக் காவலர் சொல்லலாம். ஏறி வருவதற்குள் வெற்றி போய்விட்டது என்பது எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆயினும் மூச்சு வாங்க ஏறுகிறது. கீழே நிற்போர் முதலில் வந்தவனுக்குக் கொடுப்பதிலும் உரத்த ஆரவாரத்தை அதற்குக் கொடுப்பது வழக்கம்.

இனிப் பணத்தைப்பற்றி. இவ்விளையாட்டு ஏழைக்கு எட்டாதது என்று சொல்வாருண்டு. அதில் உண்மை மிக உண்டு. பலகைகள், பாதரட்சை, தலைக்கவசம், நுழைவுக் கட்டணம், ஊர்தோறும் செல்லும் வழிச்செலவு எனக் கணக்கு நீளும். பிள்ளையோ ஆண்டுதோறும் வளர்கிறது. போன வருஷத்துப் பாதரட்சை இவ்வருஷத்துக் காலுக்கு ஆகாது. இச்சங்கங்கள் இதற்குக் கண்ட வழி, இலையுதிர்காலத்தில் நடத்தும் பழம்பொருட் சந்தை. சிறிதாய்ப்போன பொருள்களை ஊரார் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்திற் பரப்புவார்கள். தம்பிக்கு வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். விற்ற விலையில் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ சங்கத்துக்கு. ஒரே சோடிப் பலகை ஏழெட்டு ஆண்டில் நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சுமந்துவிடும். அன்றியும், காலைச் சிற்றுண்டி விருந்துகள், பரிசுச் சீட்டுகள், இத்தனை முறை குன்றேறி இறங்கினால் இவ்வளவு நன்கொடை என்று உறவினரிடம் வாக்குப் பெற்றுப் பிள்ளைகளே ஈட்டும் தொகை ஆகியனவும் உண்டு. விருந்தில் தோசையையொத்த பணியாரத்தின்மேல் மேப்பிள் மரத்துப் பாகைக் கொட்டுவார்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் பின்பனி நாட்களில் அம்மரத்தில் வடியும் நீரை ஏறக்குறைய நாற்பது பங்கு காய்ச்சினால் ஒரு பங்கு பாகு கிடைக்கும். நம் பனையடிப் பதநீர்க் கொப்பரையை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

உழைப்பையும் சங்கங்கள் கணக்கிட்டே வாங்குகின்றன. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தொகையைப் பிணையாகக் கட்டும். குறித்த நாட்கள் வந்து உழைத்தால் அது திருப்பிக் கொடுக்கப்படும், இல்லையேல் சங்கத்தோடு போகும். தொண்டுக்குப் பிணையா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். ஆயின், எப்பொழுதும் உழைக்கும் பத்துப் பேரும் எப்பொழுதும் ஒதுங்கும் ஐம்பது பேரும் எந்தச் சங்கத்திலும் உண்டென்பதை நம் கல்லூரி விழாக்களிற் கண்டவர் இவ்வேற்பாட்டைக் குறை கூறார். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: சனிக்கிழமையிலும் வேலைக்குச் செல்லவேண்டிய தாய்க்கு, வேறொரு நாளில் செய்யத்தக்க பணியைக் கொடுத்தல் நியாயம். நல்ல சங்கங்கள் அப்படியே செய்கின்றன.

ரிச்மண்ட் குன்றுக்கும் சோதனைக் காலம் வந்தது. மிக்கி காக்ரன் 1998-ல் காலமானார். அவ்வருஷமே குன்று இலாபங்கருதா அறநிலையமாக மாற்றப்பட்டது; அமெரிக்காவில் பனிச்சறுக்குக் குன்றொன்று அவ்வாறு ஆனது அதுவே முதன்முறை என்பர். எப்பிள்ளைக்கும் சறுக்கும் வாய்ப்பை மறுப்பதில்லை என்பது அதன் கொள்கை. அதே மாகாணத்தில், தங்கிப் படித்துக்கொண்டே பந்தயம் பழகுவதற்கென்று 1970-ல் தோன்றிய பர்க் மலைக் கழகம் போன்ற பள்ளிகளும் இருக்கின்றன. உலகப் புகழ்பெற்ற மிக்கேலா ஷிஃப்ரின் அங்கே பயின்றவரே. அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கே சேரப் பொருளும் வேண்டும், சிறுவயதிலேயே புலப்பட்ட திறமையும் வேண்டும். சிறு குன்றில் சேர அருகில் வீடிருந்தாற் போதும்.

அத்தகைய சிறு குன்றுகளே அழிந்துவருகின்றன. நியூ இங்கிலாந்து என வழங்கும் அப்பகுதியில் ஒரு காலத்தில் இருந்து பின் மூடப்பட்ட சறுக்குமிடங்கள் 600-க்கும் மேற்பட்டவை. எண்ணெய் விலை ஏறியது, காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது, பெரிய மலைகள் கூட்டத்தை இழுத்தன. பனியும் பொய்க்கத் தொடங்கிற்று. வெர்மாண்டில் மற்றப் பருவங்களைக் காட்டிலும் குளிர்காலமே விரைவாக வெப்பமடைந்து வருகிறதென்று கணக்கிட்டிருக்கின்றனர். வானம் தராவிடில் நீரையும் அழுத்திய காற்றையும் ஒருங்கே பீச்சிச் செயற்கைப் பனி செய்யலாம். அதற்கும் உறைநிலைக்குக் கீழான இரவு வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும், நள்ளிரவில் குழாயை நகர்த்த ஆள் வேண்டும். தை மாதத்தில் மழை பெய்து தடம் கரைந்த மறுநாள், பந்தயத்தை ஒத்திவைப்பதா, பக்கத்து நிழற்சரிவினின்று பனியை வாரிக் கொணர்வதா என்று கூடிப் பேசுவது இப்பொழுது சங்கக் காரியங்களில் ஒன்றாகிவிட்டது. பெரும்பாலும் வாரிக் கொணர்கிறார்கள்.

பங்குனி முடிவில் குன்றின் அடிவாரத்தில் புல் தலை காட்டும். கடைசிப் பந்தயத்தன்று கழிகள் பிடுங்கப்பட்டு, வலைகள் சுருட்டப்பட்டு, கொட்டகையில் அடுக்கப்படும். பிள்ளைகள் பலகைகளின் அடியில் மெழுகு பூசி வைப்பார்கள். பாதரட்சையைக் காலில் இட்டுப் பார்த்து, பெருவிரல் முட்டினால், சந்தைக்கு என்று ஒரு பெட்டியிற் போட்டுவிடுவார்கள்.