ஒரே ஊற்றில் பிறந்த தீவுகள்

சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். அதிலேயே கொரட்டூர் ஏரி நிரம்பித் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்திருக்கிறோம். இந்தியப் பெருங்கடலில், கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் கப்பலேறிய ரீயூனியன் தீவில், 2007 பிப்ரவரியில் காமெட் புயல் மூன்றே நாளில் 3,929 மில்லிமீட்டர் கொட்டியது! இப்படிப்பட்ட மழைதான் அந்த எரிமலைத் தீவைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. 3,070 மீட்டர் உயர பித்தோன் தெ நேஜ் அணைந்துபோன எரிமலை. அதைச் சுற்றி சலாசி, மஃபாத், சிலாவோஸ் என்ற மூன்று பெரும்பள்ளங்களை வெள்ளமும் மலைச்சரிவும் குடைந்திருக்கின்றன.

மேலே மழை அரிக்க, அடியில் தரை இறங்குகிறது. எரிமலையின் எடை கடல்தரையை வளைக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து பாறைக்குழம்பைப் பொங்கவைத்து எரிமலையை எழுப்பிய சூடான ஊற்றைவிட்டு விலகும் புவித்தட்டு குளிர்ந்து, சுருங்கி, தாழ்கிறது. அதே ஊற்றில் சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த மொரீசியஸில் இன்று மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான்.

இன்னும் முதியது நம் லட்சத்தீவு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பாறைக்குழம்பைக் கொட்டிய அதே ஊற்று, இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, கடலுக்கடியில் ஒரு மலைத்தொடரை விட்டுச்சென்றது. அதன் மேல்தான் லட்சத்தீவின் கவரத்தித் தீவு நிற்கிறது. அங்கே எரிமலைப் பாறை கண்ணில் படாது. காலடியில் இருப்பதெல்லாம் பவளம் தந்த சுண்ணாம்பும் மணலும்.

எரிமலை அமிழும்போது விளிம்பில் வாழும் பவளம் ஒளியைத் தேடி மேலே வளர்கிறது. மலை மறைந்தபின் வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1842இல் டார்வின் எழுதிய விளக்கம் இது. 1952இல் பசிபிக்கின் எனிவெடாக்கில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் அதிகமான பவளச் சுண்ணாம்புக்குக் கீழே எரிமலைப் பாறை கிடைத்தது. இத்தனை ஆழத்துக்கு மலை அமிழ்ந்தும் பவளம் விடாமல் ஈடுகொடுத்திருக்கிறது என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

ஈடுகொடுக்கும் அந்தத் திறன்தான் இப்போது தடுமாறுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி லட்சத்தீவுப் பவளங்கள் வெளிறி, பெருமளவில் மடிந்தன. பங்காரம் பவளவளையத்தில் ஆளில்லாத பரளி-1 என்ற சிறு தீவு, அலை அரித்து முழுதும் கரைந்துவிட்டதாக 2017இல் ஆய்வு ஒன்று தெரிவித்தது. உயிருள்ள பவளம்தான் அலையைத் தடுக்கும், கரைக்கு மணலும் தரும். எனவே பவளவளையத்துக்குள் பவளம் வாழும் லட்சத்தீவின் காயலைத் தோண்டும் எந்தத் திட்டமும் தீவையே தோண்டும் திட்டம்தான். அதை அனுமதிக்கக் கூடாது.