அட்மின் சர்வர் படுத்தாலும் கடை திறந்திருக்கும்

வெப்லாஜிக் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்தவருக்கு வயிற்றைக் கலக்கும் செய்தி, ‘அட்மின் சர்வர் டவுன்’ என்பது. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதைக் கேட்டுவிட்டு, கையிலிருக்கும் டீயை முடித்த பிறகே எழுந்திருப்பார்கள். அந்த நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஜாவாவில் எழுதிய பெரிய நிரல்களை இயக்கித் தருவது அப்ளிகேஷன் சர்வர். தரவுத்தளத் தொடர்பு, பயனர் சரிபார்ப்பு, பரிவர்த்தனை போன்ற பொது வேலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும். வெப்லாஜிக் இந்த வகையில் பழைய பெயர். 1998-இல் அதை பிஇஏ நிறுவனம் வாங்கியது. 2008-இல் பிஇஏவையே ஆரக்கிள் சுமார் 850 கோடி டாலருக்கு வாங்கியது.

கூட்டம் அதிகமுள்ள சேவைக்கு ஒரு சர்வர் போதாது. பத்து, இருபது என்று நிறுத்துவார்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நுழைந்து அமைப்பை மாற்றினால், என்றைக்காவது ஒன்று மட்டும் விட்டுப்போகும். பத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் பிழை வரும். பிடிபடவே பிடிபடாத வகைப் பிழை அது. அதனால் எல்லாவற்றையும் ‘டொமைன்’ என்ற ஒரே குடையின் கீழ் வைக்கிறார்கள். அதில் அமைப்பை நிர்வகிக்கும் அட்மின் சர்வர் ஒன்றுதான். பயனருக்குப் பதில் சொல்பவை அதன் கீழுள்ள மேனேஜ்டு சர்வர்கள்.

மாற்றம் செய்ய வேண்டுமென்றால் நிர்வாகி முதலில் பூட்டைக் கையில் எடுக்க வேண்டும். அவர் அதை விடும்வரை இன்னொருவர் கைவைக்க முடியாது. திருத்தி முடித்து ‘ஆக்டிவேட்’ கொடுத்ததும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களுக்கு மாற்றம் போய்ச் சேர்கிறது. ‘ஏற்க முடியுமா?’ என்று முதலில் கேட்கப்படும். ஒன்று முடியாது என்றாலும் மாற்றம் யாருக்கும் அமலாகாது. பாதி சர்வரில் புதியது, பாதியில் பழையது என்ற குழப்பத்துக்கு இது பெரிய தடுப்பு. சில மாற்றங்களுக்கு மட்டும் ரீஸ்டார்ட் தேவைப்படும்.

இந்த அமைப்புகளின் பிரதியை ஒவ்வொரு மேனேஜ்டு சர்வரும் தன் வட்டில் வைத்திருக்கிறது. ஆகவே அட்மின் சர்வர் விழுந்தாலும் ஓடுகிற சர்வர்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். நின்றுபோனது எழும்போதும் உள்ளூர்ப் பிரதியைப் படித்துத் தானாக எழ முடியும். புதிய நிரலை ஏற்றவும் அமைப்பை மாற்றவும்தான் முடியாது. என்னைக் கேட்டால், இந்த வடிவமைப்பில் ஆகச் சிறந்த முடிவு இதுதான்: உத்தரவிடும் பொறுப்பையும் உழைக்கும் பொறுப்பையும் பிரித்துவிட்டார்கள்.

இயந்திரத்துக்கு ஒன்றாக நோடு மேனேஜர் என்ற சிறு காவல் நிரலும் உண்டு. தான் தொடங்கிவைத்த சர்வர் செத்தால் மறுபடி எழுப்பும். முன்னிருப்பாக ஒரு மணி நேரத்தில் இரண்டு முறைதான் முயலும். அதற்கு மேலும் விழுந்தால், எழுப்புவதில் பயனில்லை, மனிதர் வந்து பார்க்க வேண்டும் என்று பொருள்.

பயனரின் கதி என்ன? மேனேஜ்டு சர்வர்களைக் கிளஸ்டராக, அதாவது ஒரே குழுவாகச் சேர்த்து, செஷன் நகலெடுப்பையும் இயக்கியிருந்தால், அவரது செஷன் (அவர் செய்துகொண்டிருக்கும் வேலையின் நிலை) ஒரு சர்வரின் நினைவகத்திலும், அதன் நகல் கூடுமானவரை வேறு இயந்திரத்திலுள்ள சர்வரிலும் இருக்கும். அந்த இரண்டும் எவை என்ற அடையாளம் உலாவியின் குக்கியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதல் சர்வர் போனால் கோரிக்கை நகலுள்ள இடத்துக்குத் திரும்பும். பாதி நிரப்பிய படிவம் பத்திரம். ஒவ்வொரு சர்வராக நிறுத்தி எழுப்பும் ‘ரோலிங் ரீஸ்டார்ட்’ பட்டப்பகலில் சாத்தியமாவது இதனால்தான். ஒன்று முழுதாக எழுந்து ‘ரன்னிங்’ என்று காட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் மூலமும் நகலும் சேர்ந்தே போய்விடும்.

செத்த சர்வரால் பெரிய தொல்லை இல்லை. சாகாமல் தொங்கும் சர்வர்தான் ஆளைக் கொல்லும். ப்ராசஸ் உயிரோடு இருக்கும், போர்ட் திறந்திருக்கும், பதில் மட்டும் வராது. ஒரே கோரிக்கையில் 600 விநாடி சிக்கிய த்ரெட்டை (கோரிக்கையைக் கையாளும் செயலிழையை) வெப்லாஜிக் ‘ஸ்டக்’ என்று குறிக்கும். முன்னிருப்பில் அதைக் கொல்லாது. அந்த நேரத்தில் கை தானாக ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும். அதற்கு முன் சில விநாடி இடைவெளியில் மூன்று நான்கு த்ரெட் டம்ப் (எந்த த்ரெட் எந்த வரியில் நிற்கிறது என்ற பதிவு) எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் அதே த்ரெட்டுகள் அதே வரியில் நின்றால், பெரும்பாலும் தரவுத்தளத்தின் பதிலுக்கோ வெளிச் சேவை ஒன்றின் பதிலுக்கோ காத்திருக்கின்றன. எடுக்காமல் ரீஸ்டார்ட் செய்தால் சேவை மீளும். காரணம் நினைவகத்தோடு அழிந்துவிடும், அடுத்த வாரம் அதே தொங்கல் திரும்ப வரலாம்.