பதின்வயதும் போதையும்: ஐஸ்லாந்து செய்து பார்த்தது

போதையின் கெடுதலை எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் விலகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘டேர்’ திட்டம் தொடங்கியது. சீருடைக் காவலர்கள் வகுப்பறைக்கே வந்து பாடம் எடுத்தார்கள். பின்னாளில் ஆராய்ந்தபோது, அந்தப் பாடத்தைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிகரெட் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரியாதா என்ன?

கூட்டாளி பார்க்கும்போது

2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் ஒரு கார் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் கூடுதல் புள்ளி. திடீரென்று சுவரில் மோதினால் எல்லாம் போச்சு. தனியாக ஆடிய 13-16 வயதினர் ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கே துணிந்தார்கள். சேக்காளிகள் பக்கத்தில் உட்கார்ந்ததும் துணிச்சல் எகிறியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2011-இல் இதைப் போன்ற விளையாட்டின்போது மூளையைப் படமெடுத்தார்கள். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே, இன்பத்தை எதிர்பார்க்கும் பகுதி இளையோருக்குக் கூடுதலாக இயங்கியது. முதல் மடக்கு மதுவும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கூட்டத்தில்தானே நடக்கிறது!

மாலை நேரத்தை மாற்றினார்கள்

அப்படிக் கூட்டம் கூடும் நேரத்தையே மாற்றிப் பார்த்தது ஐஸ்லாந்து. அங்கே 1998-இல் எடுத்த கணக்கெடுப்பில், முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்ததாக 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2016-இல் அது 5 விழுக்காடு. தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தார்கள்.

இந்த மாற்றத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மன். ஹெராயின் எடுப்பவர் மன அழுத்தத்தை மரத்துப்போகச் செய்யப் பார்க்கிறார், ஆம்ஃபெட்டமைன் எடுப்பவர் அதை எதிர்த்து மோதப் பார்க்கிறார் என்பது அவருடைய ஆய்வு முடிவு. போதையில் தேடும் கிளர்ச்சியை நடனத்திலும் இசையிலும் விளையாட்டிலும் கொடுத்தால் என்ன என்று கேட்டார். ஐஸ்லாந்தின் கணக்கெடுப்புகளும் அதே திசையைக் காட்டின. பயிற்சியாளரிடம் முறையாக விளையாடுகிறவர்கள், பெற்றோருடன் அதிக நேரம் இருப்பவர்கள், பின்னிரவில் வெளியே சுற்றாதவர்கள் ஆகியோரிடம் பழக்கம் குறைவு.

ஆகவே விளையாட்டு, கலை மன்றங்களுக்கு அரசு பணம் கொடுத்தது. ரெய்க்யவிக் நகரம் பிள்ளைகளின் மன்றக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்றது. 13-16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும், கோடையில் நள்ளிரவுக்கு மேலும் தனியாக வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பிள்ளைகளுக்கு எதை அனுமதிப்பது என்று அக்கம்பக்கத்துப் பெற்றோர் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம். ‘எல்லார் வீட்டிலும் விடுகிறார்கள்’ என்று எந்தப் பிள்ளையும் சாதிக்க முடியாமல் போனது.

முழுப் புகழும் இதற்கா?

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இளையோரின் குடி குறைந்தது. எனவே எல்லாவற்றையும் இந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. மக்கள்தொகை மிகக் குறைந்த நாடு என்பதும் அதற்கு வசதி. ஆனால் எங்கும் செய்யக்கூடிய ஒன்று அங்கே உண்டு: வார இறுதி இரவுகளில் பெற்றோர் சிறு குழுவாகத் தெருக்களில் நடந்து வருகிறார்கள். யாரையும் பிடிப்பதில்லை, திட்டுவதில்லை. பிள்ளைகள் கண்ணில் பட்டால் நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான்.