படித்துப் பார்த்துத் தொடு

புதுக் கைபேசி வீட்டுக்கு வந்துவிட்டது. மகனோ மகளோ அதைத் தட்டித் தட்டி ஏதேதோ செய்து கொடுக்கிறார்கள். பிறகு என்ன நடக்கிறது? அழைப்பு வந்தால் பேசுகிறார்கள். பாட்டுக் கேட்கிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் வர வேண்டும். இப்படித்தான் பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் எவரும் கைபேசியைத் தாமே பயன்படுத்தலாம்.

முதல் வேலை மொழியை மாற்றுவது. திரையில் பல்சக்கரம் போன்ற ஒரு படம் இருக்கும். அதுதான் செட்டிங்ஸ். அதற்குள் மொழிகளின் பட்டியல் உண்டு. அதில் ‘தமிழ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரையில் வரும் சொற்கள் தமிழுக்கு மாறும். எழுத்து பொடியாக இருந்தால் அங்கேயே பெரிதாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பூட்டு. வீட்டைப் பூட்டுவது போலத் திரையையும் ஒரு ரகசிய எண்ணால் பூட்ட வேண்டும். 1234 என்று வைத்தால் அது பூட்டே இல்லை.

கைபேசிக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செயலி உண்டு. ‘ஆப்’ என்றும் சொல்வார்கள். செயலிகள் கிடைக்கும் கடையின் பெயர் பிளே ஸ்டோர். அங்கே பெரும்பாலானவை இலவசம். ஆனால் ஒரு பெயரைத் தேடினால் அதே போன்ற பெயரில் பத்து வந்து நிற்கும். விளம்பரம் கொடுத்தவர்களின் செயலி முதலில் வருவதும் உண்டு. எது சரியானது? செயலியின் பெயருக்குக் கீழே, அதை வெளியிட்டவர் யார் என்று எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் எதையும் இறக்கக் கூடாது.

எந்தச் செயலி பயன்படும்? வயலில் வேலை செய்பவருக்கு ‘தாமினி’ முக்கியம். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கும் மேல் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். வயலில் நின்றவர்களும் மரத்தடியில் ஒதுங்கியவர்களும் அவர்களில் பலர். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இந்தச் செயலியை உருவாக்கியது. அக்கம்பக்கத்தில் மின்னல் அபாயம் இருந்தால் இது எச்சரிக்கும். இணையமும், இருக்கும் இடத்தை அறியும் வசதியும் இயங்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் மரத்தடிக்குப் போகக் கூடாது. கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

‘டிஜிலாக்கர்’ ஓர் அலமாரி போன்றது. மத்திய அரசு 2015இல் தொடங்கியது. ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்று போன்றவற்றை இதில் வைத்துக்கொள்ளலாம். மழையில் நனையாது, கரையான் அரிக்காது. வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது இதில் உள்ள உரிமத்தைக் காட்டினால் செல்லும். ரயில் டிக்கெட்டுக்கு 2025இல் வந்த ‘ரயில்ஒன்’ இருக்கிறது. முன்பதிவு இல்லாத டிக்கெட்டும் அதில் எடுக்கலாம். கைபேசியைச் சுத்தம் செய்து வேகமாக்கும் என்று விளம்பரம் செய்யும் செயலிகள் பெரும்பாலும் வீண்.

வாட்ஸ்அப்பில் சில சமயம் கல்யாணப் பத்திரிகை என்றோ வங்கி அறிவிப்பு என்றோ ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல. கடைக்கு வெளியே இருந்து வரும் செயலி. திறந்து உள்ளே விட்டால், வங்கியிலிருந்து வரும் ரகசியக் குறுஞ்செய்திகளை அது படித்துவிடலாம். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்கக் கூடாது. அவருடைய கைபேசியே திருடன் கையில் சிக்கியிருக்கலாம்.

செயலியைத் திறந்ததும் அது அனுமதி கேட்கும். தாமினி இருப்பிடத்தைக் கேட்பது நியாயம். கடன் தரும் செயலி ஏன் உறவினர்களின் எண்களையும் வீட்டுப் புகைப்படங்களையும் கேட்கிறது? தவணை தவறினால் அவர்களுக்கெல்லாம் போன் செய்து அவமானப்படுத்தத்தான். இதனால் உயிரை விட்டவர்களும் உண்டு. கடன் செயலிகள் இவற்றை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. கேட்டால் மறுத்துவிட்டு, அந்தச் செயலியையே நீக்கிவிட வேண்டும்.

பணம் அனுப்பும் செயலிக்கு 4 அல்லது 6 இலக்க ரகசிய எண் உண்டு. பணம் கொடுப்பதற்குத்தான் இந்த எண். பணம் வாங்குவதற்கு இது தேவையே இல்லை. “ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள், உங்கள் கணக்குக்குப் பணம் வரும்” என்று யாராவது சொன்னால் அவர் ஏமாற்றுகிறார். பணம் வராது, போகும். போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். விரைந்து சொன்னால், பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைப்பவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

கைபேசியே தொலைந்து போனால்? ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். தொலைந்ததும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ‘சஞ்சார் சாத்தி’ என்ற மத்திய அரசின் சேவையில் அந்த எண்ணைப் பதிந்தால் கைபேசியை முடக்கிவிடுவார்கள். வேறு சிம் போட்டாலும் இந்தியாவில் அதற்கு சிக்னல் கிடைக்காது. கைபேசி வந்த அட்டைப் பெட்டியிலும் அந்த எண் அச்சிட்டிருக்கும். பெட்டியைக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காமல் எடுத்து வைப்பது நல்லது.