உயிர் காக்கும் ஊசியும் செவியின் காவலும்

காசநோய் என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கிய காலம் ஒன்றிருந்தது. 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்திலே பயின்ற அல்பேர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவர், மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து ஸ்ரெப்ரோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமி அதற்குப் பணிந்தது. ஆயினும், உயிர் பிழைத்தவர்களுள் சிலர் நடையில் தள்ளாடினர். சிலர் செவிப்புலனை இழந்தனர்.

பின்னர் வந்த கனமைசின், ஜென்ரமைசின், அமிக்கசின் ஆகிய ஊசி மருந்துகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பெனிசிலின் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று.

நமது உட்செவியில், நத்தையோடு போலச் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனுள்ளே ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு உணர்த்துபவை இவையே. மேற்கூறிய மருந்துகள் இக்கலங்களினுட் புகுந்து அவற்றை அழிக்கக்கூடும். வெட்டிய நகம் வளரும். அழிந்த மயிர்க்கலமோ மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மறைவன மிகக் கீச்சான ஒலிகள். பேச்சொலி தெளிவாகக் கேட்பதால் நோயாளி தம் இழப்பை உணரார். செவிப்பரிசோதனையே அதனை முன்னதாகக் காட்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். சிலருக்கோ அளவோடு கொடுத்தாலும் இம்மருந்து செவிக்கு நஞ்சாகிறது. தாய்வழியாக மாத்திரம் வரும் ஒரு மரபணு மாற்றமே இதற்குக் காரணமென 1993இல் அறியப்பட்டது. பிறந்த குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து, 26 நிமிடங்களில் இதனைக் கண்டறியும் சோதனையை இங்கிலாந்தின் மான்செஸ்ரர் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்டனர். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கனமைசின் ஊசியை விடுத்து, பெடாகுயிலின் மாத்திரையை வழங்கத் தென்னாபிரிக்கா 2018இல் முடிவு செய்தது.

நாம் செய்யவேண்டியன சில உள. தாய்வழி உறவினர் எவரேனும் ஊசி மருந்துக்குப்பின் செவிடானதுண்டா என்பதை வைத்தியரிடம் முன்பே சொல்லவேண்டும். சிறுநீரக நோய் இருப்பினும், சிறுநீர் பெருக்கும் மருந்து உட்கொள்ளினும் மறைத்தலாகாது. நெடுநாட் சிகிச்சையாயின், தொடக்கத்திலும் இடையிடையேயும் செவிப்பரிசோதனை செய்விக்குமாறு கேட்கலாம். காதில் இரைச்சலோ தலைச்சுற்றோ தோன்றினால் அன்றே தெரிவித்தல் வேண்டும். சிசுப் பருவத்தில் இவ்வூசி பெற்ற பிள்ளைகளின் செவியைப் பின்னரும் சோதிப்பித்தல் நன்று.

அச்சத்தால் ஊசியை நாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரிடம் தயங்காது வினவுவோம். உயிரோடு செவியையும் காப்போம்.