தேடலைக் குறுக்குவோம், தெளிவு பெறுவோம்

இறுதியாண்டு ஆய்வேட்டிற்கு நான் தேர்ந்தெடுத்த தலைப்பு, பள்ளி நூல்நிலையத்தில் நடைபெறும் கற்பித்தல். அதற்குக் காரணம் உண்டு. நான் பயின்ற தமிழ்ப்பள்ளியின் நூல்நிலையம் படிக்கட்டுக்குக் கீழே இருந்த சிற்றறை. அங்குதான் ஆசிரியை ஒருவர் எங்களுக்கு அகராதி பார்க்கக் கற்றுக் கொடுத்தார். பின்னர்ப் பயின்ற தேசிய இடைநிலைப்பள்ளியில் குளிர்சாதன வசதியுள்ள பெரிய நூல்நிலையம் இருந்தது. ஆனால், அங்கே தேடுவது எப்படி என்று எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. இவ்வேறுபாடு ஏன் என்பதே என் கேள்வி.

'ஈரிக்' என்பது 1960களில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கல்வியியல் தரவுத்தளம். அதில் 'லைப்ரரி', 'டீச்சிங்' என்று தட்டினேன். பல்கலைக்கழக நூலகம், பொது நூலகம் என எல்லாம் வந்து குவிந்தன. ஒரு வாரம் வீணானது. தலைப்பையே மாற்றிவிடலாமா என்றுகூட எண்ணினேன். அப்போது பல்கலைக்கழக நூலகர் ஒருவர் வழிகாட்டினார். அவர் சொன்னவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், கேள்வியைப் பிரிக்க வேண்டும். எங்கே? பள்ளி நூல்நிலையத்தில். எதை? தகவல் தேடும் திறனை. யாருக்கு? தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு.

இரண்டாவது, இப்பகுதிகளை 'அண்ட்' என்னும் சொல்லால் இணைக்க வேண்டும், முடிவுகள் குறையும். ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' என்பதால் இணைத்தால் முடிவுகள் கூடும். இரு சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமானால் அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும்.

மூன்றாவது, தரவுத்தளத்தின் சொற்பட்டியலைப் பார்க்க வேண்டும். ஈரிக்கில் 'ஸ்கூல் லைப்ரரீஸ்', 'இன்ஃபர்மேஷன் லிட்டரசி' என்பவை அத்தகைய பட்டியற்சொற்கள். கட்டுரையாளர் எச்சொல்லைக் கையாண்டிருந்தாலும், பொருள் ஒன்றானால் அப்பட்டியற்சொல்லின் கீழ் அது வகைப்படுத்தப்பட்டிருக்கும். இறுதியாக ஆண்டு, கல்வி நிலை ஆகியவற்றால் வடிகட்டலாம்.

ஆனால், அளவுக்கு மீறிக் குறுக்குவதும் ஆபத்தே. ஒரே பணிக்கு நாட்டுக்கு நாடு பெயர் வேறு. ஆஸ்திரேலியாவில் 'டீச்சர் லைப்ரேரியன்' என்பர். அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 2010-இல்தான் 'ஸ்கூல் லைப்ரேரியன்' என்ற பெயரை ஏற்றது. அதற்கு முந்திய கட்டுரைகளில் 'மீடியா ஸ்பெஷலிஸ்ட்' என்றே மிகுதியாகக் காணலாம். நம் நாட்டிலோ நூல்நிலையம் 'புசாட் சும்பர்' ஆகிவிட்டது. அதன் பொறுப்பாளர் 'குரு பெர்புஸ்தாக்கான் டான் மீடியா'. ஆங்கிலச் சொற்களால் மட்டும் தேடியபோது நம் பள்ளிகள் என் கண்ணில் படவே இல்லை. உள்நாட்டு ஆய்விதழ்களில் மலாய்ச் சொற்களால் தேடிய பிறகே அவை கிடைத்தன.

முதலெழுத்தைப் பார், பிறகு இரண்டாம் எழுத்தைப் பார் என்று அந்தச் சிற்றறையில் ஆசிரியை சொன்னதும் தேடலைக் குறுக்கும் முறைதான். அதைக் கற்பிக்க அவருக்குக் குளிர்சாதனம் தேவைப்படவில்லை. தம்பி தங்கைகளே, ஆய்வேடு எழுதும் நாள் வரை காத்திராமல் இன்றே நூலகரை அணுகிக் கேளுங்கள்.