உங்களுக்குத் தெரியுமா? நகமும் பேசும், தொப்புளும் துப்புக் கொடுக்கும்!

★ இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டிப் பிடியுங்கள். நடுவே வைர வடிவில் ஒரு குட்டி இடைவெளி தெரிகிறதா? நல்லது! அது அடைபட்டிருந்தால் விரல் நுனி தடித்திருக்கிறது என்று அர்த்தம். காரணம் பல இருக்கலாம். நுரையீரல் புற்றுநோயும் அதில் ஒன்று! இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர் தென்னாப்பிரிக்க இதய டாக்டர் லியோ ஷாம்ராத். எங்கே கண்டுபிடித்தார் தெரியுமா? தன் சொந்த விரலில்! ஆண்டு 1976.

★ தொப்புளில் கெட்டியாக ஒரு முடிச்சு! அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் வயிற்றைத் துடைத்துச் சுத்தம் செய்த நர்ஸின் கையில் அது தட்டுப்பட்டது. வயிற்றுக்குள் புற்றுநோய் பரவியதற்கு அது அடையாளம்! அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் டாக்டர் வில்லியம் மேயோவுக்கு 25 வருடம் உதவியாளராக இருந்த சிஸ்டர் மேரி ஜோசப்தான் அந்த நர்ஸ். டாக்டர்கள் இன்றும் அந்த முடிச்சை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்!

★ கழுத்தின் இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே நெறி கட்டியிருக்கிறதா? டாக்டரின் கை உடனே வயிற்றுக்குப் போகும்! இரைப்பைப் புற்றுநோய் அங்கே வந்து எட்டிப் பார்ப்பதுண்டு. இதைச் சொன்னவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்கோ. ஆண்டு 1848!

★ பாரிஸ் டாக்டர் அர்மான் ட்ரூசோ ஒரு விஷயம் கற்பித்தார்: காரணமில்லாமல் ரத்த நாளங்களில் ரத்தம் உறைந்தால், உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம்! 1867 ஜனவரியில் அதே அறிகுறி அவருக்கே வந்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். அதே ஆண்டு ஜூனில் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார்!

★ லண்டனில் புகைபோக்கி துடைக்கிறவர்களுக்கு மட்டும் விதைப்பையில் புண் வந்தது ஏன்? புகைக்கரி! தொழிலால் புற்றுநோய் வரும் என்று டாக்டர் பெர்சிவால் பாட் எழுதியது 1775இல்!

★ பீர் குடித்தால் கழுத்து நெறி வலிக்குமா? வலிக்கும், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருந்தால்! அபூர்வம்தான், ஆனால் நிஜம். அந்த நெறியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஆந்தைக் கண் மாதிரி இரண்டு உட்கருவோடு ஒரு ராட்சத செல் முழிக்கும். 1902இல் அதைத் துல்லியமாக விவரித்தவர் டோரதி ரீட் என்ற பெண்!

★ 1845. லண்டன் மளிகைக்காரர் ஒருவருக்குத் தாங்க முடியாத எலும்பு வலி. அவருடைய சிறுநீரில் அமிலம் விட்டார்கள், திரிந்தது. சூடாக்கினார்கள், கரைந்தது. ஆறியதும் மறுபடி உறைந்தது! அந்த விசித்திரப் புரதத்தை ஆராய்ந்தவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயைச் சொல்லும் அந்தத் துப்பை இன்றும் தேடுகிறார்கள்!

★ உகாண்டாவில் ஒரு சிறுவன். மேல் தாடை, கீழ்த் தாடை, இரண்டு பக்கமும் வீக்கம்! 1957இல் அவனைப் பார்த்த டெனிஸ் பர்க்கிட், இதே புற்றுநோய் வீக்கம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி 1961இல் பழைய காரில் கிளம்பினார். ஓட்டிய தூரம் சுமார் 16,000 கிலோமீட்டர்!

★ குழந்தையை ஃப்ளாஷ் போட்டு போட்டோ எடுத்தீர்கள். ஒரு கண் சிவப்பு, இன்னொரு கண் வெள்ளை! உடனே கண் டாக்டரிடம் ஓடுங்கள். விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் 100க்கு 90க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள்!

★ சரிந்த இமை மேல் ஐஸ் வைத்தால் நோய் தெரியும்! இரண்டே நிமிடத்தில் இமை மேலே எழும்பினால் மயஸ்தீனியா கிராவிஸ் என்று சந்தேகிப்பார்கள். நம் எதிர்ப்புச் சக்தியே நம் தசைகளுக்கு வரும் நரம்புச் செய்தியைத் தடுக்கும் நோய் இது!

★ கண்ணீரையும் அளப்பார்கள்! கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடம் காத்திருப்பார்கள். ஈரம் 5 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லையா? எதிர்ப்புச் சக்தி கண்ணீர்ச் சுரப்பியையே தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம்!

★ எட்டு வயதுப் பையன். 4 வருடத்தில் 19 முறை கடுமையான கிருமித் தொற்று! ரத்தத்தைச் சோதித்தால், கிருமியை எதிர்க்கும் காமா குளோபுலின் புரதம் மருந்துக்கும் இல்லை. 1952இல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன் அதையே ஊசியாகப் போட்டார். பையன் தேறினான்!

★ திடீரென்று பிதற்றல், வலிப்பு. பேய் பிடித்துவிட்டது என்பார்கள். பேயா? சினைப்பையில் கட்டியாகவும் இருக்கலாம்! அந்தக் கட்டியோடு சண்டை போடக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி மூளையையும் தாக்கிவிடுகிறது. 2007இல் ஜோசப் டால்மாவ் குழு 12 பெண்களிடம் இதைக் கண்டறிந்தது. கட்டியை எடுத்ததும் பலர் மீண்டார்கள்!

★ 1981 ஜூன் 5. லாஸ் ஏஞ்சல்ஸில் 5 இளைஞர்களுக்கு அபூர்வ நிமோனியா என்று ஒரு சின்னக் குறிப்பு வெளியானது. உலகம் எய்ட்ஸைப் பற்றி முதலில் படித்தது அதில்தான்! இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதலில் கண்டறிந்தது யார்? 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்! ரத்த மாதிரிகளைச் சோதித்த இடம் வேலூர் சி.எம்.சி.!

★ திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்! புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் இருக்கிறதா? இன்றே போய்க் காட்டுங்கள்!

★ திண்டுக்கல் மாவட்டத்தில் 30,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு நர்ஸ்கள் செய்த சோதனையைக் கேளுங்கள். கருப்பை வாயில் வினிகரில் உள்ள அதே அமிலத்தைத் தடவினார்கள். ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். வெள்ளையாக மாறிய இடத்தில் சந்தேகம்! ஸ்கேன் கிடையாது, பெரிய மெஷின் கிடையாது. 2007இல் முடிவு வெளியானது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு குறைந்தது 35 சதவீதம்!